காலை வேனில் யாரும் சாகக் கூடாது

சங்கிலிமுத்துவுக்குப் பாண்டிய நாடு சும்மா கிடைத்தது. திருத்தங்கலில் அவன் முன்பு பேப்பர் ஏற்றும் வேலை பார்த்த அச்சாபீஸில், பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் படம் போடுகிற டிசைனர் ஒருவர் இருந்தார். வேலையை விட்டுப் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று தன் பழைய லேப்டாப்பைச் சங்கிலியின் கையில் திணித்து, "பேட்டரி போயிருச்சுப்பா. கரண்டுல சொருகியே வச்சாத்தான் ஓடும். உள்ள ஒரு கேம் இருக்கு, பொழுது போகும்" என்றார். பொழுது போகும் என்று சொன்ன அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அன்றிலிருந்து சங்கிலியின் பொழுது எங்கே போகிறது என்று அவன் பெண்டாட்டி ரோஜாவுக்கே தெரியாமல் போனது.

திறந்தால் ஓர் உலகப் படம் விரியும். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய நாடுகள் அதில் கலர் கலராகக் கிடக்கும். நமக்குப் பிடித்த சீமையை எடுத்துக்கொள்ளலாம். ராஜாவுக்குப் பெண் பார்க்க வேண்டும், பிள்ளை பிறந்தால் பெயர் வைக்க வேண்டும், மந்திரி குழி பறிக்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வருஷங்கள் தாமாக ஓடும். ராஜா செத்தால் அவன் வாரிசின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே போக வேண்டும். சங்கிலி படத்தின் அடிமூலையில் தன் ஊரைத் தேடினான். ஆமத்தூர் இல்லை. மதுரையும் அதற்குத் தெற்கேயும் பச்சையாகப் பாண்டிய நாடு இருந்தது. அதைத் தொட்டான், ராஜாவானான்.

"கடல் தாண்டி நாடு பிடிக்கத் தெரியுது. ரேஷன் கார்டுல எம் பேரைத் திருத்தி வாங்கத் துப்பில்ல" என்பாள் ரோஜா. அது நியாயமான பேச்சுதான். அந்தக் கார்டில் அவள் இன்றைக்கும் ராஜாதான்.

அச்சாபீஸை விட்ட பிறகு சங்கிலி வேன் ஓட்டினான். காலையில் ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, திருத்தங்கல், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று போய், ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற பட்டாசுக் கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே பெண்களைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் சேர்க்க வேண்டும். நடுவில் இருக்கிற பகல் முழுக்க அவனுடையது. கம்பெனிப் பக்கம் போனைக்கூட வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள் என்பதால், மெயின் ரோட்டு டீக்கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரர் தயவில் சொருகிக்கொண்டு ராஜ்யபாரம் பண்ணுவான்.

வேனில் கதை ஆரம்பித்தது ஸ்பீக்கர் செத்ததால். பாட்டு இல்லாமல் வண்டி ஊமையாகப் போக, முன்சீட்டு மூக்கம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். அவளுக்கும் சங்கிலிக்கும் மதினி கொழுந்தன் முறை. அந்த முறையில் என்னவெல்லாம் கேலி பேசலாமோ அத்தனையையும் பேசித் தீர்ப்பவள்.

"ஏ கொழுந்தனாரே, ஸ்பீக்கர்தான் போச்சு, வாயுமா போச்சு? பகலெல்லாம் டீக்கடையில அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழுறீகளாமே. அதுல என்னதான் இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

சொன்னான். பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரத்தை முதலில் சொன்னான். அப்பன் போன பிறகு பாண்டிய நாட்டு அண்ணனும் தம்பியும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டது, அந்த நேரம் பார்த்து வடக்கேயிருந்து படை வந்தது, மதுரை சூறை போனது எல்லாம் சொன்னான். தன் கேமிலும் இப்போது அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு நிற்பதாகவும், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னான்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "கூடப் பெறந்த பொம்பளப்பிள்ள ஒண்ணும் இல்லையா அந்த வீட்ல?"

கேட்டது செல்லக்கனி. வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. ஐம்பதைத் தாண்டியவள், அதிகம் பேசமாட்டாள். போகும்போதும் வரும்போதும் மற்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். இவள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். அவள் வேனில் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை.

"நடுவுல ஒரு தங்கச்சி இருந்தா இம்புட்டுக்குப் போகுமாய்யா? ரெண்டு பேருக்கும் சோத்தைப் போட்டு, 'முதல்ல தின்னுங்க, பெறகு வெட்டிக்கோங்க'ன்னு சொல்லிருப்பா" என்றாள்.

மறுநாள் சங்கிலி தேடிப் பார்த்தான். இருந்தாள்! அரண்மனை மூலையில், யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்னப் பெண். பெயரை மாற்றிக்கொள்ள அந்த விளையாட்டில் வழி உண்டு. மாற்றினான். அண்ணனுக்குக் கடற்கரையைக் கொடுத்து, தம்பிக்கு மேற்கு மலையைக் கொடுத்து, மந்திரிகளைச் சரிக்கட்டி, படாத பாடு பட்டு அந்தப் பெண்ணை மதுரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். வேனில் வந்து, "பாண்டிய நாட்டுக்கு இனிமே ராணி செல்லக்கனி" என்றதும் எழுந்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. செல்லக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "போய்யா, கூறுகெட்ட மனுஷா" என்று சொன்னாளே ஒழிய, முகம் மலர்ந்ததை ரியர்வியூ கண்ணாடியில் சங்கிலி பார்த்துவிட்டான்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் பதவி வேண்டும் என்றாகிவிட்டது. மூக்கம்மாள் சேனாதிபதியானாள். யானை மேல் ஏறி ஈழத்துக்குப் போய்விட்டும் வந்தாள். "யானை எப்படிக் கொழுந்தனாரே கடல் தாண்டுச்சு?" என்று அவளே கேட்டு, "மதினி ஏறுனா அதுக்குப் பயத்துல நீச்சல் வந்திருச்சு" என்று பதிலும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் ஏதோ ஒரு சண்டையில் தளபதி ஒருவன் வெட்டுப்பட்டுச் செத்ததைச் சங்கிலி சுவாரசியமாகச் சொல்லிவிட்டான். அன்றைக்கென்று பார்த்து கம்பெனியில் திரி வெட்டுகிற பெண் ஒருத்திக்குக் கை வெந்துபோனது. சாயங்காலம் வேனில் ஏறிய மூக்கம்மாளிடம் கேலி இல்லை.

"இனிமே காலையில எவனையும் சாகடிக்காதீக. சாகடிக்கணும்னா சாயங்காலம் சாகடிங்க. நாங்க உசுரோட வந்து வண்டியில ஏறுன பெறகு. காலையில பாதிக் கதையில எறக்கிவிடுங்க. மீதியக் கேக்கவாவது வந்து சேருவோம்ல."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். காலை வேனில் கல்யாணம் நடக்கும், தேரோட்டம் நடக்கும், குதிரை வாங்கக் காயல் துறைமுகத்தில் பேரம் நடக்கும். ஆனால் கேட் வந்தால் எந்த இடமானாலும் கதை அப்படியே நிற்கும். ராணி ஒரு காலை எடுத்துப் பல்லக்கில் வைத்திருப்பாள், மறு கால் சாயங்காலம் வரை தரையிலேயே இருக்கும்.

சாயங்காலம் வேறு உலகம். வேலை முடிந்து ஏறுகிறவர்கள் முகத்திலும் கையிலும் அலுமினியத் தூள் அப்பியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. மேற்கே வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வரும்போது வேன் நிறைய வெள்ளிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக் கருவேலம், தூரத்தில் ஒரு கோயில் கோபுரம் என்று ரோடு நீளும். சங்கிலியின் குரல் அதற்குமேல் மெதுவாகப் போகும். எது அவன் சொல்கிற சீமை, எது ஜன்னலுக்கு வெளியே போகிற சீமை என்று கேட்கிறவர்களுக்கும் தெரியாது, சொல்கிறவனுக்கும் தெரியாது.

"அந்தக் காலத்துல நம்ம சிவகாசி என்னவா இருக்கு?" என்று ஒரு தடவை மூக்கம்மாள் கேட்டாள். கேமில் சிவகாசியே கிடையாது. சங்கிலி யோசிக்காமல், "கண்மாய் மதினி. ராணி வெட்டுன கண்மாய். இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது. வெங்கச்சங்கடேசிப் பறவையெல்லாம் வந்து எறங்கும்" என்றான். கேமில் இல்லாததை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்படி ஒரு பறவையும் உலகத்தில் கிடையாது. ஆனால் சிவகாசி பைபாஸில் திரும்பும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்கள். கண்மாய் தெரிந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இன்னொரு சாயங்காலம் காயலுக்குச் சீனக் கப்பல் வந்தது. பட்டும் பீங்கானும், கூடவே ஒரு பெட்டி வாணமும் கொண்டுவந்தார்கள்.

"ராணிக்குக் காட்டணும்னு கடற்கரையில வச்சுக் கொளுத்துனாக. வானமே பூத்துப்போச்சு. சனம் பூராம் வாயப் பொளந்து நிக்கிது" என்றான் சங்கிலி.

"ராணி என்ன சொன்னா?"

அதை அவன் இன்னும் யோசித்திருக்கவில்லை. பின்னாலிருந்து செல்லக்கனியே சொன்னாள். "'இத ஆரு செஞ்சது? அவுக கை காலு நல்லா இருக்கா? கூட்டியாங்க, பாக்கணும்'னு கேட்டிருப்பா."

"அதேதான்க்கா கேட்டா" என்றான் சங்கிலி.

இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆடி மாதம் ஒரு பகலில், டீக்கடை பெஞ்சில் அவன் வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ராணி செல்லக்கனி காய்ச்சலில் செத்துப்போனாள். பெரிய வயசு ஒன்றுமில்லை. சின்னதாக ஒரு மணிச்சத்தம், திரையில் ஒரு வரி, அவள் முகத்துக்கு மேல் ஒரு மண்டை ஓடு. அவ்வளவுதான். கடித்த வடையைக் கீழே வைத்தான்.

விளையாட்டில் பின்னால் போக வழி உண்டு. போனான். குதிரையிலிருந்து விழுந்து செத்தாள். மறுபடி போனான், அம்மை போட்டுச் செத்தாள். குதிரையை விற்றான், வைத்தியனை மாற்றினான், அரண்மனையை விட்டு வெளியே விடாமல் அடைத்து வைத்தான். பிரசவத்தில் செத்தாள். எந்தப் பக்கம் போனாலும் கிழவியாகாமலே போய்ச் சேர்ந்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த ஒரு பொம்மைக்காக நடு ரோட்டில் ஓர் ஆம்பளை அழுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். அவன் அழுதது பொம்மைக்கு இல்லை.

செல்லக்கனியின் கதை அந்த வேனில் எல்லோருக்கும் தெரியும். அவளைப் பெற்றவள் தீப்பெட்டி ஆபீஸ் தீயில் போனாள். அக்காள் ஒரு வெடிவிபத்தில். புருஷன் மருந்து கலக்கிற ரூமில் வெந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போனான். தண்ணி தண்ணி என்று கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். அதற்கப்புறம் அதே வேலைக்குத்தான் அவளும் போகிறாள், வேறு என்ன செய்ய. "ராணி இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் வராதுய்யா" என்று ஒருநாள் இறங்கும்போது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அது சிரிப்பு இல்லை என்று சங்கிலிக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற ஒருத்தி பெயரைச் சாகிற ஒருத்திக்கு வைத்தோமே, நம்மைப்போல ஒரு மடையன் உண்டா என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வேனில் ராணி சாகவில்லை. கொற்கையில் முத்துக் குளிக்கிறதைப் பார்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு கேம் ஒரு பக்கம், வேன் ஒரு பக்கம் என்று பிரிந்தது. டீக்கடையில் அவள் தம்பி மகன் ஆண்டான், ஊதாரிப் பயல், பாதி நாட்டைத் தொலைத்தான். வேனிலோ ராணி நாட்டைக் கட்டிக் காத்தாள். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க லோடு லோடாக ஆர்டர் வந்தது, கம்பெனியில் வேலை இடுப்பை ஒடித்தது, பெண்கள் களைத்துப்போய் ஏறினார்கள். ஏறியதும் கேட்கிற முதல் கேள்வி, "ராணி எப்படி இருக்கா?" என்பதுதான். "கல்லு மாதிரி இருக்கா" என்பான் சங்கிலி. சொல்லும்போது கண்ணாடியைப் பார்க்கமாட்டான்.

புரட்டாசி கடைசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்து இடி இடித்தது. இடி கேட்டால் கம்பெனியில் வேலையை நிறுத்தி, ரூமைப் பூட்டி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பெண்கள் வேனைத் தேடிக்கொண்டு மெயின் ரோட்டுக்கே நடந்து வந்துவிட்டார்கள். சங்கிலி இதை எதிர்பார்க்கவில்லை. மழை உள்ளே அடிக்காமல் வேன் கண்ணாடிகளை ஏற்றிவிடலாம் என்று ஓடியவன், லேப்டாப்பை மூட மறந்துபோனான். மற்றவர்கள் கடை வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டிக்கொள்ள, செல்லக்கனி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிய வம்சம் முழுக்க முகம் முகமாக வரிசையில் நின்றது. எழுத்து படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ராணியின் முகத்தை அவன்தான் முன்பொரு தடவை போனில் காட்டியிருந்தானே. அந்த முகத்துக்கு மேல் மண்டை ஓடு.

"எப்பய்யா?" என்றாள்.

சங்கிலி லேப்டாப்பை மூடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான். "ஆடியிலக்கா."

"ஆடியிலயேவா?" அவள் தன் வெள்ளிக் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "செத்த பெறகும் வேலைக்கு வந்துக்கிட்டுல்ல இருந்திருக்கேன்."

"யக்கா, மன்னிச்சுக்கோங்கக்கா. அது சும்மா கேம். எம்புட்டோ தடவ திருப்பித் திருப்பிப் பாத்தேன். குதிரைய வித்தேன், வைத்தியர மாத்துனேன்…"

"ஒரு தடவையாவது கெழவியானாளா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். பெரிதாக ஓர் இடி விழுந்தது. கரண்ட் போனது. பேட்டரி இல்லாத லேப்டாப் அந்த நொடியே கறுத்துவிட்டது. அண்ணன், தம்பி, ஊதாரிப் பயல், மண்டை ஓடு எல்லாம் போயின. திரையில் இப்போது செல்லக்கனியின் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அவள் அழுவாள், இனி வேனில் ஏறமாட்டாள், மருந்து ரூமுக்குள் கால் வைக்க நடுங்குவாள் என்றெல்லாம் அவன் பயந்துகொண்டு நின்றான். அவளோ கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு, "ஒளிக்காம சொல்லணும்னா பயமாத்தான்யா இருக்கு" என்றாள். "ஆனா இதுவரைக்கும் நீங்க சொன்னதுல அவ கெழவியாகிட்டு வாரால்ல?"

"ஆமாக்கா. நரை விழுந்திருச்சு. கண்ணு கொஞ்சம் மங்கல்."

"அப்ப அதையே சொல்லி முடிங்க. எங்க வீட்ல ஆரும் வயசாகிப் படுக்கையில சாவல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அவளாவது அப்படிப் போகட்டும். இன்னைக்கே சொல்லுங்க. வீட்டுக்குப் போற வண்டிதான, சட்டத்துக்கு ஒண்ணும் கொறையில்ல."

மழை விட்டதும் வேன் கிளம்பியது. யாரும் தூங்கவில்லை. ராணி படுத்துவிட்டாள் என்று சங்கிலி ஆரம்பித்ததும் மூக்கம்மாள் திடுக்கிட்டு, "என்ன கொழுந்தனாரே, வாயக் கழுவுங்க" என்று சீறினாள். "இருக்கட்டும்டி, சொல்ல விடு" என்றாள் செல்லக்கனி.

சங்கிலி சொன்னான். தொண்ணூறு வயசுக் கிழவி. சுருங்கிச் சுருங்கிப் பிள்ளையைப்போல ஆகிவிட்டாள். அரண்மனைக்குள் காற்று வரவில்லை என்று அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் வைத்தார்கள். அண்ணன் பேரன் ஒரு பக்கம், தம்பி பேரன் ஒரு பக்கம். வயசான சேனாதிபதி மூக்கம்மாள் ஒரு கைத்தடியோடு வந்து, "என்னடி, என்னைய விட்டுட்டுக் கெளம்பிட்ட?" என்று திட்டினாள். முன்சீட்டில் நிஜ மூக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். வெளியே வெம்பக்கோட்டைப் பக்கம் பள்ளமெல்லாம் மழைத் தண்ணீர் நின்றது. அதில் வானம் கிடந்தது.

"ஆரெல்லாம் பக்கத்துல இருந்தா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் செல்லக்கனி.

"எல்லாரும் இருந்தாகக்கா. அவ பெத்தது, பேரன் பேத்தி, ஊரே இருந்துச்சு."

"வலிச்சுச்சா?"

"இல்லக்கா. பேசிக்கிட்டேதான் இருந்தா. சாப்பிட்டீகளா, சாப்பிட்டீகளான்னு ஒவ்வொருத்தரையா கேட்டுக்கிட்டு இருந்தா. பெறகு லேசாக் கண்ணு சொருகுச்சு. தண்ணி வேணும்னா."

கண்ணாடியில் அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது.

"குடுத்தாகளா?"

"செம்பு நெறையாக் குடுத்தாக."

"குடிச்சாளா?"

"குடிச்சாக்கா. போதும் போதும்ங்கிற மட்டும் குடிச்சா. பெறகுதான் கண்ண மூடுனா."

செல்லக்கனி கம்பியை விட்டாள். சங்கிலி கதையை அங்கேயே முடித்துவிட்டு ஓட்டினான். திருத்தங்கல் தாண்டி, ஆமத்தூர் விலக்கு தாண்டி, ஒவ்வொருத்தியாக இறங்கிக்கொண்டே வந்தார்கள். செல்லக்கனியின் ஊர் வந்தபோது பின்சீட்டிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. சங்கிலி திரும்பிப் பார்த்தான். அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. ஹாரனை அடித்தான், அவள் அசையவில்லை. மூக்கம்மாள் எழுந்துபோய், அவள் தோளைத் தொட்டு, "ஏ கனி, ஏ கனி" என்று உலுக்கினாள்.

செல்லக்கனி கண்ணை விழித்துக் கொட்டாவி விட்டாள். "என்னடி, ஊரு வந்திருச்சா? அசந்து தூங்கிட்டேன்போல."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலடி போனவள் திரும்பி வந்து, டிரைவர் ஜன்னலில் கை வைத்தாள்.

"அடுத்துப் பட்டத்துக்கு ஆருய்யா வாரா? காலையில சொல்லுங்க, மறந்துராதீக."